ஓவியத்துக்கு முற்பணம்: யாரிடம், எந்த வழியில்?

மட்டக்களப்பில் இறந்தவரின் 31ஆம் நாள் கிரியைக்கு முன்னர் அவரது உருவப்படத்தை வரைவித்துவிட விரும்புவோர் இப்போது பெரும்பாலும் தொலைபேசியிலேயே ஓவியரைத் தேடுகின்றனர். நாள் நெருங்கிய அவசரமும் துயரமும் சேரும்போது யாரும் அதிகம் விசாரிப்பதில்லை என்பதை மோசடிக்காரர் நன்கறிவர். எனவே விலையையும் அழகையும் பிறகு பார்க்கலாம். படம் கைக்கு வரும்வரை காசு யாரிடம் இருக்கும் என்பதையே முதலில் கேட்கவேண்டும்.

முகநூல், இன்ஸ்டகிராம் பக்கங்களில் விலை குறைவு, பதிலும் உடனே வரும். ஆனால் முழுத்தொகையையும் வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். அவ்வாறு அனுப்பிய காசை, பெற்றவர் சம்மதிக்காதவிடத்து மீட்பது மிகக் கடினம். பக்கத்தில் உள்ள படங்களை, படத்தைக் கொண்டே தேடும் கூகுள் லென்ஸில் இட்டுப் பார்த்தால், அவை வேறொருவருடையவையா என்பது பல வேளைகளில் தெரிந்துவிடும். செயற்கை நுண்ணறிவு புதிதாக உருவாக்கிய படத்தை இந்தச் சோதனை பெரும்பாலும் பிடிக்காது. அதற்கு, பென்சில் வரைவின் அருகே உங்கள் பெயரெழுதிய தாளொன்றை வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். புரோகிரியேட் என்னும் ஓவியச் செயலியில் வரைபவராயின் வரைந்த விதம் வழக்கமாகக் காணொளியாகவே பதிவாகியிருக்கும், அதைக் கேட்கலாம். உண்மையான ஓவியர் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை.

ஓவியர் போன்றோரிடம் வேலை ஒப்படைக்க உதவும் ஃபைவர் போன்ற இணையத்தளங்களில் நீங்கள் செலுத்தும் காசு வேலை முடியும்வரை தளத்திடமே இருக்கும். அதற்காக வாங்குபவரிடம் தனிக் கட்டணம் அறவிடப்படும், அது வீண்செலவன்று. ஆனால் படம் ஒப்படைக்கப்பட்ட பின்னர் 3 நாட்கள் நீங்கள் வாய்திறவாதிருந்தால் வேலை தானாகவே நிறைவுற்றதாகக் கொள்ளப்படும். "வட்ஸ்அப்புக்கு வாருங்கள், குறைத்துத் தருகிறேன்" என்ற அழைப்பை ஏற்றால் அந்தப் பாதுகாப்பு அத்துடன் போயிற்று. வெளிநாட்டு ஓவியருக்குப் பேபால் என்னும் இணையப் பணச்சேவையில் நேரடியாகச் செலுத்துவோர், 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற தெரிவில் அனுப்பச் சொன்னால் மறுக்கவேண்டும். அதில் வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. கதைப்புத்தக அட்டைப்படம் போன்ற கணினி ஓவியங்களுக்கு நான் இத்தகைய தளங்களையே தெரிவுசெய்வேன்.

நினைவு உருவப்படத்துக்கோ ஊர் ஓவியரே மேல். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை பயின்றவர்கள் இப்பகுதியில் இருக்கின்றனர். கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ பஸ்ஸேறி வந்து, பாதி முடிந்த படத்தை நேரில் பார்த்து, மூக்கின் வளைவு சரியில்லை என்று அங்கேயே சொல்லலாம். மூன்றிலொரு பங்கை முற்பணமாகவும், அடுத்த பங்கை வரைவு பிடித்த பின்னரும், மீதியைப் படத்தைப் பெறும்போதும் கொடுப்பது இரு தரப்புக்கும் நியாயமானது. தாமதம்தான் இவ்வழியின் குறை. ஆகவே முடிக்கவேண்டிய திகதியை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திருத்திய வைப்புச் சீட்டைக் காட்டி ஓவியரை ஏமாற்றுவோரும் உண்டு என்பதால், அவர் உங்கள் ஸ்கிரீன்ஷொட்டை ஏற்காமல் தம் கணக்கில் காசு வந்ததைப் பார்த்த பின்னரே படத்தைக் கையளித்தால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.