சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: பலாலியில் இறங்குவதா, கொழும்பில் இறங்குவதா?

வரைபடத்தில் மீனம்பாக்கத்திலிருந்து, கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள். கோடு யாழ்ப்பாணத்தை உரசிக்கொண்டு போகும். கொழும்பு வழியாக யாழ்ப்பாணம் போகிறவர், போக வேண்டிய ஊரைத் தாண்டி 290 கிலோமீட்டர் தெற்கே போய் இறங்கி, அதைவிடக் கூடுதலான தூரத்தைத் தரைவழியே திரும்பி வருகிறார். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பது இதுதான். 2019 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலுள்ள பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கும்வரை அப்படித்தான் அலைந்தோம். கொரோனாவில் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் மறுபடி வந்தது.

வான்வழியில் சென்னை–பலாலி சுமார் 355 கி.மீ. சென்னை–கட்டுநாயக்க சுமார் 645. ஆனால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பலாலிக்கு ஒன்றேகால் மணியை ஒட்டி இருக்கும், கொழும்புக்கு ஒன்றரை மணிக்குள் இருக்கும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரத்துக்குக் கால் மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை!

எல்லாம் விமானத்தின் வேலை. பலாலி ஓடுபாதை குட்டை. அங்கே வருவது ஏடிஆர் 72, மணிக்கு 500 கி.மீ. வாக்கில் பறக்கும் விசிறி விமானம். கொழும்புக்குப் போகும் ஜெட் 800-ஐத் தாண்டும். தரையில் ஊர்ந்துபோய் ஓடுபாதையைப் பிடிப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் எந்த ஊருக்குப் போனாலும் உண்டு. குறுகிய பயணத்தில் அதுவே பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

சரி, ஆகாயத்தில் சமம். இறங்கியபின்? பலாலியிலிருந்து யாழ் நகரம் அரை மணிச் சொச்சம். கட்டுநாயக்கவில் குடிவரவு வரிசையைத் தாண்டி வெளியே வந்தால், பஸ்ஸோ வேனோ ஏழெட்டு மணி நேரம். ரயில் என்றால் முதலில் கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையம் போவதையும் சேர்த்தால், பலாலி வழி ஐந்தரை மணி. கொழும்பு வழி பதின்மூன்று.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் துறைமுகமான காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடலில் சுமார் 110 கி.மீ., நான்கு மணி நேரம். டெல்டாக்காரர்களுக்கு அருமை. சென்னைக்காரர் நாகை போய்ச் சேரவே ஒரு ராத்திரி போய்விடும். மழைக்காலத்தில் கப்பலை நம்ப முடியாது.

பலாலிக்கும் ஒரு குறை உண்டு. கொழும்புக்கு ஒரு விமானம் போனால் இன்னொன்று இருக்கிறது. பலாலிக்கு விமானங்கள் சொற்பம், ரத்தானால் மறுநாள்தான். ஐப்பசி, கார்த்திகையில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் முகூர்த்தத்தன்று காலை விமானத்தை நம்பாமல், ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். கண்டி, நுவரெலியா என்று சுற்றும் எண்ணம் இருந்தால் போக பலாலி, திரும்பக் கொழும்பு என்று போடலாம். மற்றபடி என் ஓட்டு பலாலிக்கே.

ஏடிஆரில் நடுவரிசை ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே எதுவும் மறைக்காது. ஆழமில்லாத கடலின் பச்சை முடிந்து பனைமரங்கள் தெரியும்போது, பக்கத்திலேயே சக்கரம் வெளியே நீள்வதைப் பார்க்கலாம்.