ரேஸ் தடத்தில் காதுக்கு எது: இயர் பிளக்கா, இயர் மஃப்பா?

சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு கார், பைக் ரேஸ் பார்க்கப் போகிறீர்களா? 100 டெசிபல் சத்தத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் நின்றாலே காதுக்கு ஆபத்து.

பெரியவர்களுக்கு நான் சொல்வது, காதுக்குள் செருகும் மெத்தென்ற ஃபோம் இயர் பிளக்தான். விலை குறைவு, வெயிலில் காது வேர்க்காது. ஆனால் சும்மா செருகினால் பயனில்லை. மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலே, பின்பக்கமாக இழுத்து உள்ளே விட்டு, விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள்.

ஹெட்ஃபோன் மாதிரி காதை முழுசாக மூடும் மஃப் மாட்டுவது சுலபம். ஆனால் மூக்குக் கண்ணாடிக் கம்பி குறுக்கே வந்தால் அந்த இடுக்கில் சத்தம் கசியும். குழந்தைகளுக்கு மஃப்தான், மறுபேச்சே இல்லை. பிஞ்சுக் காதில் பிளக் சரியாக உட்காராது.

பிட் (ரேஸ் வண்டிகளை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) பக்கம் நிற்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் போடலாம். கூடுதலாக 5 டெசிபல் அளவுக்குக் குறையும். வெறும் பஞ்சு போதவே போதாது.