பழைய டிசைனர் உடை: சாரிட்டி கடையா, விண்டேஜ் கடையா, கைப்பேசியா?

முப்பது ஆண்டுகளுக்கு முன் தைக்கப்பட்ட ஒரு நல்ல மேல்கோட்டை லண்டனில் வாங்க நினைப்பவருக்கு மூன்று வழிகள் உண்டு. நன்கொடையாக வந்த பழைய பொருட்களை அறப்பணிக்காக விற்கிற, கடைத்தெருவில் உள்ள சாரிட்டி கடைக்குள் நுழைந்து தாமே துழாவலாம். கேம்டன், பிரிக் லேன் பக்கத்து விண்டேஜ் கடைகளில், அதாவது பழங்கால உடைகளை மட்டும் விற்கும் கடைகளில், வேறொருவர் துழாவித் தேர்ந்து வைத்ததைக் கூடுதல் காசு கொடுத்து எடுக்கலாம். அல்லது வீட்டிலிருந்தபடியே வின்டெட், ஈபே போன்ற தளங்களில் பெயரைத் தட்டித் தேடலாம். மூன்று வழிகளிலும் வாங்கியிருக்கிறேன், மூன்றிலும் ஏமாந்தும் இருக்கிறேன். என் மனம் முதல் வழியின் பக்கம் சாய்ந்தே இருக்கிறது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சாரிட்டி கடையின் விலை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் அங்கே கிடைக்கும் மகிழ்ச்சியின் மூலம் புரியும். ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 1947-ல் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் பிராட் தெருவில் தொடங்கிய கடையிலிருந்து இன்றுவரை நடைமுறை பெரிதாக மாறவில்லை. சரக்கு நன்கொடையாக வருகிறது. விற்பவர்களில் பலர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். நன்கொடைப் பொருளின் விற்பனைக்கு வாட் வரி பூச்சியம். கொடுத்தவர் வருமான வரி செலுத்துபவராக இருந்து படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால், விற்ற ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாக அந்த அமைப்புக்குக் கிடைக்கிறது. ஆகவே அடக்கவிலை என்ற ஒன்று அங்கே இல்லை. அன்று காலை மூட்டையைப் பிரித்தவரின் கண்ணுக்கு என்ன பட்டதோ அதுவே விலை. செல்சியின் ஓல்டு சர்ச் தெருவில் உள்ள பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கக் கடை டிசைனர் உடைகளுக்குப் பேர்போனது. ஆனால் அங்கே பெயர்களை அறிந்தே விலை போடுகிறார்கள். முதியவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது அலமாரி முழுவதும் அப்படியே வந்து சேர்கிற புறநகர்க் கடைகளில்தான் எனக்கு அதிகம் வாய்த்திருக்கிறது.

சென்ற நவம்பரில் வடக்கு லண்டனின் அப்படியொரு கடையில், ஆண்கள் வரிசையில் இரண்டு பாலியஸ்டர் கோட்டுகளுக்கு நடுவே என் விரல் ஒரு துணியில் நின்றது. கண் பார்ப்பதற்கு முன்பே கை அறிந்துவிட்டது. நூலையே நீர் புகாதபடி பதப்படுத்தி, நெருக்கி நெய்கிற கேபர்டீன் அது; பர்பெரி என்ற பிரிட்டிஷ் உடை நிறுவனத்தைத் தொடங்கிய தாமஸ் பர்பெரி 1879-ல் உருவாக்கிய துணி. காலருக்குக் கீழே லேபிளைத் திருப்பினேன். "பர்பெரிஸ்" என்று இருந்தது. அந்நிறுவனம் பெயரின் வாலில் இருந்த "ஸ்" எழுத்தை 1999-ல் கழற்றிவிட்டதால், கோட்டு அதற்கு முந்தையது என்பது அங்கேயே உறுதியாயிற்று. போலிகளிலும் பழைய பெயர் உண்டு என்பதால் லேபிளை மட்டும் நம்பாமல், உள்துணியின் கட்டங்கள் முதுகுத் தையலில் கோட்டோடு கோடு சேர்கின்றனவா என்று பார்த்தேன், மயிரிழை பிசகவில்லை. உள்பையில் மங்கிப்போன சலவைக்கடைச் சீட்டு ஒன்று நான்காக மடிந்து கிடந்தது. இடுப்புப் பட்டையின் தோல் கொக்கி வெடித்திருந்தது. விலை 35 பவுண்டு. இதே வகைக் கோட்டு இன்று புதிதாக 1,500 பவுண்டுக்கு மேல். கை நீளம் ஒன்றரை அங்குலம் அதிகம். மணிக்கட்டில் இருக்கும் வாரைப் பிரித்து மேலே ஏற்றினால்தான் கையைச் சுருக்க முடியும் என்று தையல்காரர் சொல்லி, அதற்கு 30 பவுண்டு வாங்கிக்கொண்டார். பழைய உடையின் விலையில் தையற்கூலியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இப்படித் தொட்டும் திருப்பியும் பார்க்கிற பழக்கத்தில் சில அடையாளங்கள் தாமாகவே படிகின்றன. கவுனில் உலோக ஜிப் இருந்தால் பெரும்பாலும் 1960-களுக்கு முன்போ அதை ஒட்டியோ. 1941-ல் போர்க்காலத் துணிக் கட்டுப்பாட்டோடு வந்த "சிசி41" முத்திரை இருந்தால் 1952-க்குப் பிந்தையதாக இருக்க இயலாது. உள்தையலில் தாராளமாகத் துணி விட்டிருந்தால், பிரித்துத் தைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு தைத்த காலத்து உடை அது. அண்மைக்கால மலிவுச் சட்டை எதிலும் அந்தத் தாராளத்தை நான் பார்த்ததில்லை.

விண்டேஜ் கடைக்காரருக்கு இவையெல்லாம் மனப்பாடம். அந்த அறிவுக்குத்தான் அங்கே காசு. கேம்டனில் 1986-ல் தொடங்கிய ரோக்கிட்டும், பிரிக் லேன் அருகே செஷயர் தெருவில் 2002-ல் தொடங்கிய பியாண்ட் ரெட்ரோவும் பெரிய கடைகள். எண்ணிக்கை அதிகம், அபூர்வம் குறைவு. கோல்போர்ன் சாலையின் ரெல்லிக் வேறு தரம். செலியா பர்ட்வெல் வரைந்த பூ அச்சுத் துணியில் பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் ஆஸி கிளார்க் தைத்த 1970-களின் கவுன் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் இத்தகைய கடைக்குத்தான் போக வேண்டும். கிளார்க் தம் கவுன்களில் சாவியும் ஒரு பணத்தாளும் வைக்கிற அளவுக்கு ஒரு சின்ன இரகசியப் பை வைப்பார் என்பதை எனக்குக் காட்டியதே ஒரு விண்டேஜ் கடைக்காரர்தான். கிழிசல் தைக்கப்பட்டிருக்கும், போட்டுப் பார்க்கக் கண்ணாடி இருக்கும், காலம் கேட்டால் பதில் இருக்கும். ஆயினும் அங்கே வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவரும்போது, வேறொருவர் பிடித்த மீனைச் சந்தையில் வாங்கி வருகிற நிறைவுதான் எனக்கு மிஞ்சுகிறது.

இணையத்தின் வசதியை மறுப்பதற்கில்லை. லிதுவேனியாவில் 2008-ல் பிறந்த வின்டெட்டில் விற்பவருக்குக் கட்டணம் இல்லாததால் சரக்கு குவிகிறது. பாரிஸில் 2009-ல் தொடங்கிய வெஸ்டியேர் கலெக்டிவ் உயர்விலைப் பொருட்களைச் சரிபார்த்தும் தருகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. தேடுபெட்டியில் பெயரை எழுதியாக வேண்டும். எனவே ஏற்கெனவே அறிந்த பெயர் மட்டுமே கிடைக்கும், அந்தப் பெயரை அறிந்த ஆயிரம் பேரும் அதே நேரத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். லேபிள் வெட்டப்பட்ட நல்ல கோட்டு எந்தத் தேடலிலும் அகப்படாது. துணியைத் தொடவும் முடியாது. ஒரு செயலியில் "நல்ல நிலை" என்ற குறிப்போடு நான் வாங்கிய கம்பளிக் கோட்டைப் பிரித்தபோது அந்துருண்டை வாடை முகத்தில் அடித்தது. படத்தில் மடித்து மறைக்கப்பட்டிருந்த அக்குளில் மூன்று பூச்சி ஓட்டைகள். வணிகரிடம் இணையத்தில் வாங்கினால் 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பும் உரிமை பிரிட்டனில் உண்டு. தனிநபரிடம் வாங்கினால் அது இல்லை. அளவும் ஏமாற்றும். அந்தக் காலத்து 14-ஆம் எண் உடை இன்றைய 10-ஆம் எண்ணுக்கு அருகில்தான் இருக்கும் என்பதால், அக்குளிலிருந்து அக்குள்வரை எத்தனை அங்குலம் என்று கேட்காமல் வாங்கவே கூடாது.

இந்த ஒப்பீட்டில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. ஆக்ஸ்ஃபாம் 2007-லேயே இணையக் கடை திறந்துவிட்டது. மற்ற அமைப்புகளும் பெயர்பெற்ற லேபிள்களைத் தனியே எடுத்து இணையத்தில் விற்கின்றன. நன்கொடைக்கு நல்ல விலை கிடைப்பது அறப்பணிக்கு நல்லது என்பதால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கம்பியில் தொங்குவது ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. எஞ்சுபவை மூட்டையைப் பிரித்தவர் அறியாத பெயர்களும், லேபிளே இல்லாதவையும்தான், அவற்றுக்காகவே இன்னும் போகிறேன்.

அடுத்த மாதம் திருமணத்துக்கு ஓர் உடை வேண்டும் என்பவரை நான் சாரிட்டி கடைக்கு அனுப்பமாட்டேன். அவர் விண்டேஜ் கடைக்குத்தான் போக வேண்டும். இன்ன ஆண்டு, இன்ன நிறம் என்று தெளிவாகத் தெரிந்தவருக்குக் கைப்பேசியே போதும். வெடித்த அந்தத் தோல் கொக்கிக்கு ஈடாக அதே காலத்துக் கொக்கி ஒன்றைத் தேடி நானும் ஐந்து சாரிட்டி கடைகளை வீணாக ஏறி இறங்கினேன். கடைசியில் பேருந்தில் உட்கார்ந்தபடி பெயரைத் தட்டினேன். வீடு வருவதற்குள் 12 பவுண்டுக்கு வாங்கியாயிற்று.