ஓட்டோ சீற் தைப்பவர் தைத்துத் தந்த முதுகுப்பை

போன ஆடிவேலுக்கு உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப்பாதையால் நடந்தபோது, சாப்பாடும் தண்ணீரும் சேர்க்காமலே என் முதுகில் 9 கிலோ. தலையில் ஒரு துணிமூட்டையோடு ஒரு அம்மம்மா என்னைக் கடந்து போனார். திருகோணமலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் தராசில் வைத்தேன். வெறும் பை மட்டும் 2 கிலோ 100 கிராம்!

வெளிநாட்டு இலேசுப் பைகளின் விலை நமக்குச் சரிவராது. என்.சி. வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கையில் ஓட்டோவுக்கு ஹூட்டும் சீற்றும் தைக்கும் கடையொன்று இருக்கிறது. என் பழைய கூடாரத்தின் மேல்விரிப்பை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டம் கட்டமாக நூலோடும் ரிப்ஸ்டொப் நைலோன் அது.

துணியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு அண்ணை சொன்னார்: “தம்பி, இது பேப்பர் மாதிரி இருக்கு. கிழிஞ்சா என்னைத்தான் ஏசுவீங்கள்.”

ஏச்சுக்குப் பயந்தோ என்னவோ, அடியில் ரெக்சின், தோளில் இரண்டு அங்குல ஸ்பொஞ், நான் கேட்காத மூன்று சிப் என்று தைத்து வைத்திருந்தார். 1 கிலோ 150 கிராம். சீற் தைக்கிற கை. பாரம் கூடினால்தான் உறுதி என்று நம்புகிற கை. பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கவைத்தேன். அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். கடைசியில் 540 கிராம். கூலி 3,500 ரூபா.

நிலாவெளிக்கு நடந்து பார்த்தேன். சாம்பல்தீவு தாண்டும்போது இடது வாரின் அடியில் துணி இழுபட்டு, ஊசித்துளைகள் வாய் திறந்துவிட்டன. மெல்லிய துணியில் வாரை ஒற்றை வரியில் தைத்தால் அப்படித்தான் வரும். திரும்பக் கொண்டுபோனதும் அண்ணை ஒன்றும் பேசாமல் உள்ளே ஒரு தடித்த துண்டு வைத்து, சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறியும் போட்டுத் தந்தார். காசு வாங்கவில்லை. அதற்குப் பிறகு அசையவில்லை.

தையல் வழியாக மழை உள்ளே வரும். அதற்கு உள்ளே ஒரு பெரிய குப்பைப் பை போதும். முதுகுக்குச் சட்டம் கிடையாது, படுக்கிற ஃபோம் பாயை மடித்து முதுகுப் பக்கம் செருகிக்கொள்கிறேன். ஆனால் 8, 9 கிலோவுக்கு மேல் ஏற்றினால் தோளை வெட்டும். காட்டில் தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ என்பதை மறக்கக்கூடாது.

ஸ்லீப்பிங் பாக்குக்குப் பதில் சாரம், கூடாரத்துக்குப் பதில் தறப்பாளும் நுளம்பு வலையும் என்று மாற்றியதில் அந்த 9 கிலோ இப்போது 4 கிலோ 900. இலேசான பாரத்தோடு நடப்பதில் ஊறியவர்கள், சாப்பாடும் தண்ணீரும் சேர்க்காமல் 4.5 கிலோவைத்தான் எல்லை என்பார்கள். அந்த 400 கிராம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இன்னும் தேடுகிறேன். மனைவி பவர் பாங்கைக் காட்டுகிறார்.

அந்தக் கடைக்குப் போகிறவர்கள் ஒரு சின்னத் தராசையும் கொண்டுபோங்கள். சனிக்கிழமை வேண்டாம், வாசல் முழுக்க ஓட்டோதான்.