பத்துக் கிலோ என்று எழுதியிருந்தது

முந்தநாள் மாலை பக்கத்து ஒழுங்கைத் தம்பி ஒருவர் படலையடியில் நின்று கூப்பிட்டார். "அக்கா, உங்களிடம் பாரம் தூக்கும் செட் ஒன்று இருக்கிறதாமே. நானும் அதே ஆளுக்குத்தான் முற்பணம் கட்டியிருக்கிறேன். சாமான் எப்படி?" என்று கேட்டார். உள்ளே கூட்டிவந்து, முற்றத்தில் நெல் காயப்போட்டிருந்த படங்கைக் காட்டினேன். காற்று தூக்காமல் அதன் நான்கு மூலைகளிலும் வைத்திருந்தவைதான் அந்தச் சாமான்.

அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவர் வந்த பிறகுதான் தெரிந்தது. விற்றவரின் பெயரை எழுதப் போவதில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும். ஆளை விட்டாலும் முறையை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எனக்கு வயது 47. அக்கராயன் போகும் வழியில் வீடு, கிளிநொச்சியில் அரச அலுவலகம் ஒன்றில் கதிரையில் இருந்தே செய்யும் வேலை. கிளினிக்கில் சீனி எல்லையில் நிற்கிறது என்றார்கள். "நடக்கிறேன் ஐயா" என்றேன். "நடப்பது நல்லதுதான், ஆனால் தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும், இரத்தத்தில் உள்ள சீனியில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைதான்" என்றார் வைத்தியர். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலும், வளர்ந்தவர்கள் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் உடலின் முக்கியத் தசைகளுக்கெல்லாம் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. நகரத்து உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாலையில் போனால் முழுக்க இளம் பொடியன்கள். ஏதும் பிழையாகப் பேசுகிறார்கள் என்றில்லை. ஆனால் நான் போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். ஆகவே வீட்டிலேயே செய்வோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் இன்றும் பிழை காணவில்லை.

அப்போதுதான் முகநூலில் அந்த விளம்பரம் வந்தது. ரப்பர் பூசிய இரும்புத் தட்டுகள் 50 கிலோ, நீளக் கம்பி ஒன்று, கைக்கம்பி இரண்டு, மடிக்கும் வாங்கு ஒன்று, புரத மா ரின் ஒன்று, அதோடு வட்ஸ்அப்பில் 90 நாள் பயிற்சித் திட்டம், 'உங்கள் உடலுக்கென்றே தனியாக எழுதப்பட்டது'. எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய். தொலைபேசியில் பேசியவர் தன்னை மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டார். நல்ல பணிவான குரல். முற்பணம் எவ்வளவு, எந்தக் கணக்கு, மிச்சம் எப்போது என்பதையெல்லாம் துல்லியமாகக் கேட்டார். வயதைக் கேட்கவில்லை. என்ன நோய், என்ன மருந்து என்று கேட்கவில்லை. நானாகவே, "மாஸ்டர், எனக்குச் சீனி எல்லையில் நிற்கிறது, இடது தோளிலும்..." என்று தொடங்கியபோது, "பயப்பட வேண்டாம் அக்கா, எல்லாவற்றுக்கும் எங்களிடம் திட்டம் இருக்கிறது" என்று பேச்சை முடித்துவிட்டார். அந்த இடத்திலேயே நான் தொலைபேசியை வைத்திருக்க வேண்டும்.

என் இடது தோளில் 2009 இல் ஏறிய சிறு இரும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. எடுப்பதைவிட விடுவது நல்லது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். வன்னியில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே இப்படி நான்கு பேர் இருப்போம். இங்கே பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சாமான் லொறியில் வந்தது. தட்டுகள் பளபளப்பான கறுப்பு, 10, 5, 2.5 என்று புடைத்த எழுத்துகள். மூன்றாம் வாரம் ஒரு 5 கிலோத் தட்டின் ஓரம் வெயிலில் வெடித்து, சாம்பல் நிறத் தூள் உதிர்ந்து கிடந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். சீமெந்தும் மணலும். இரும்பு என்று சொன்னதெல்லாம் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் அடைத்த கலவை. சீமெந்துத் தட்டு என்று சொல்லியே விற்றால் குற்றமில்லை, மலிவாகக் கிடைக்கும், பாவிக்கவும் பாவிக்கலாம். ஆனால் எனக்கு அப்போது வேறொரு சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் உரப்பையில் போட்டு உந்துருளியில் கட்டிக்கொண்டு, நாங்கள் நெல் கொடுக்கும் மில்லுக்குப் போனேன்.

மில்காரர் சிரித்துக்கொண்டேதான் தராசில் வைத்தார். 10 கிலோத் தட்டில் ஒன்று 8.2, அதன் சோடி 9.1. 5 கிலோத் தட்டுகள் நான்கும் 4.6, 4.1, 4.4, 3.9. மொத்தம் 50 கிலோ என்றது 42.6 நின்றது. "நெல்லில் இப்படிக் குறைந்தால் நாங்கள் சண்டைக்குப் போவோம் பிள்ளை" என்றார்.

குறைந்த ஏழு கிலோவைவிடச் சோடி சேராததுதான் மோசம். கம்பியின் ஒரு பக்கம் 8.2, மறு பக்கம் 9.1 என்றால், ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத் தோளும் நாரியும் கூடுதலாக இழுபடும். அது நமக்குத் தெரியவும் தெரியாது. வலுப் பயிற்சியின் சூத்திரமே கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டுவது. போன வாரம் எவ்வளவு தூக்கினேன் என்று உண்மையாகத் தெரியாவிட்டால் இந்த வாரம் எவ்வளவு கூட்டுவது? 'ஐந்தை' மாற்றி இன்னொரு 'ஐந்து' போட்டேன், 3.9 க்குப் பதில் 4.6 ஏறியிருக்கிறது. நாரி பிடித்ததற்கு என் வயதைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

திட்டத்துக்கு வருவோம். முன்பக்கத்தில் என் பெயர் பெரிதாக இருந்தது. உள்ளே மூன்றாம் பக்கத்தில் "சகோதரா, இன்று நெஞ்சுக்குரிய நாள், விட்டுவிடாதே!" என்று எழுதியிருந்தது. பதினொராம் பக்கத்தில் வேறொரு பெண்ணின் பெயர், அழிக்க மறந்திருக்கிறார்கள். வாரத்தில் ஆறு நாள். முதல் நாளே கைக்கம்பியோடு நூறு தோப்புக்கரணம்போல் குந்தி எழும்ப வேண்டும். அடுத்த நாள் தலைக்கு மேலே பாரம் தூக்க வேண்டும். அதற்கடுத்த நாள் வாங்கில் மல்லாந்து படுத்து நீளக் கம்பியைத் தூக்க வேண்டும், தனியாக, வீட்டில்.

அந்த வாங்கின் கதை தனி. '300 கிலோ தாங்கும்' என்று ஒட்டியிருந்தது. முதுகுப் பலகையைத் தாங்கும் போல்ட் போகும் துளை இரண்டாம் வாரமே இழுபட்டு நீளமாகிவிட்டது. ஒரு நாள் கம்பியைக் கையில் எடுக்க முதலே பலகை 'டக்' என்று ஒரு படி கீழே இறங்கியது. கம்பி கையில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். கை ஓய்ந்தால் கம்பி நெஞ்சிலோ கழுத்திலோதான் இறங்கும், எடுத்துவிட ஆள் இல்லை. என் கணவர் வயலில் நின்றார்.

முதல் நாள் நூறு முறை குந்தியெழுந்ததற்குப் பிறகு இரண்டு நாள் படியிறங்க முடியவில்லை. மாஸ்டருக்கு எழுதினேன். "வலிக்கிறது என்றால் வேலை செய்கிறது என்று அர்த்தம் அக்கா, வலிக்குளிசை ஒன்று போட்டுக்கொண்டு தொடருங்கள்" என்று பதில் வந்தது. போட்டுக்கொண்டு தொடர்ந்தேன். படித்தவள்தான், அரச உத்தியோகம்தான், ஆனாலும் செய்தேன். காசு கட்டிவிட்டால் புத்தி அடகுக்குப் போய்விடுகிறது.

நாரி பிடித்து நிமிர முடியாமல் போனபோதுதான் வைத்தியசாலையின் இயன் மருத்துவப் (பிசியோதெரபி) பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளைக்கு முப்பது வயதுகூட இராது. அவர் கேட்ட கேள்வி ஒன்றில் நான் திகைத்துப்போனேன். "முதல் வாரத்தில் சிறுநீர் என்ன நிறத்தில் போனது அம்மா? பிளேன்ரீ நிறத்தில் போனதா?" எனக்கு அப்படிப் போகவில்லை. பழக்கமில்லாத உடம்பு ஒரேயடியாக அளவுக்கு மீறி உழைத்தால் தசை சிதைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும், அப்போது அந்த நிறம் வரும், வந்தால் ஒரு மணிநேரமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு வர வேண்டும் என்றார். நம்முடைய வெக்கையில் வியர்வையாகத் தண்ணீர் போன உடம்புக்கு வலிக்குளிசையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டை அடி. வவுனியாவிலும் வட மத்திய மாகாணத்திலும் காரணம் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டுவது நமக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டே குளிசை விழுங்கியிருக்கிறேன்.

அவர் இருபது நிமிடம் கேள்விதான் கேட்டார். கையை எவ்வளவு உயரத்துக்குத் தூக்க முடிகிறது, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்ப முடிகிறதா, இரத்த அழுத்தம் என்ன, வீட்டில் என்ன சாமான் இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு நான் செட்டைச் சொன்னேன். "அது வேண்டாம், தண்ணீர்க் கான் இருக்கிறதா?" என்றார்.

ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இதில் யாரும் களவு செய்ய முடியாது. கைப்பிடி உறுதியான இரண்டு கான்களில் ஐந்தைந்து லீற்றர் அளந்து ஊற்றித் தொடங்கினேன். அவற்றை இரு கையிலும் தூக்கிக்கொண்டு முற்றத்தில் கிணற்றடி வரை நடப்பது ஒன்று. முதுகை வளைக்காமல் இடுப்பை மட்டும் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து கானை எடுத்து நிமிர்வது ஒன்று, என் நாரியைத் திருத்தியது பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம். ஒரு கையை மேசையில் ஊன்றி, மறு கையால் கானை விலாப்பக்கம் இழுப்பது ஒன்று. கதிரையில் இருந்து எழும்புவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், விறாந்தைப் படியில் ஏறி இறங்குவது. தலைக்கு மேலே எதுவும் இல்லை. என் தோளுக்காக அதை வெட்டிவிட்டார், உங்களுக்கு வேறு எதையாவது வெட்டவேண்டியிருக்கலாம்.

செவ்வாயும் சனியும்தான். இடையில் தசைக்கு இரண்டு நாளாவது ஓய்வு. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று, முதல் ஐந்து பத்து நிமிடம் கைகால் சூடேற நடை. இன்னும் இரண்டு மூன்று தடவை தூக்க முடியும் என்ற நிலையிலேயே நிறுத்த வேண்டும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கிக்கொண்டு தூக்கினால் அழுத்தம் ஏறும். பன்னிரண்டு தடவை இரண்டு நாளும் இலகுவாக வந்தால் அரை லீற்றர் கூட்டலாம். மறுநாள் தசை கடுத்தால் பரவாயில்லை, இரண்டு மூன்று நாளில் ஆறும். மூட்டுக்குள் குத்தினாலோ, நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிட வேண்டும். வெயில் ஏற முதல், ஆறரைக்குள் முடித்துவிடுவேன். ஈரத் தரையில் மட்டும் செய்யாதீர்கள், கான் ஒழுகியது தெரியாமல் ஒரு தடவை வழுக்கினேன்.

அந்தப் புரத மா ரின்னையும் சொல்லிவிடுகிறேன். காலாவதித் திகதி ஒட்டுத்தாளில் இருந்தது. நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு ஒட்டுத்தாள், அதில் எட்டு மாதத்துக்கு முந்திய திகதி. என்ன கலந்தது, யார் செய்தது என்று எங்கேயும் இல்லை. முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பயறும் பருப்பும் நெத்தலியும் நம் குசினியிலேயே இருக்கின்றன. ரின்னைக் கிணற்றடியில் வாளிக்குப் பதில் வைத்திருக்கிறேன், அதற்கு மட்டும் உறுதியானது.

காசு? மாஸ்டருக்கு மில் தராசின் படத்தை அனுப்பினேன். "தராசு பிழை அக்கா" என்றார். அடுத்த நாள் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். நான் எண்பத்தோராவது நாள்தான் கொடுத்தேன், 'பாவம், திருத்தித் தருவார்' என்று காத்திருந்த கூத்து. பற்றுச்சீட்டு என்று தந்தது கையால் எழுதிய துண்டு, அதில் முகவரி இல்லை. வங்கியில் கட்டிய சீட்டும், விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்ததும்தான் கைகொடுத்தன. விளம்பரத்தைக் காணும் நேரத்திலேயே படம் பிடித்து வையுங்கள், பிறகு அது மாறிவிடுகிறது.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தட்டு ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தார். அவர் கட்டிய முற்பணம் 15,000. சாமான் இன்னும் புறப்படவில்லை. என் முன்னாலேயே மாஸ்டருக்கு வட்ஸ்அப்பில் எழுதினார்: ஒவ்வொரு தட்டையும் தராசில் வைத்துப் படம் அனுப்புங்கள், பற்றுச்சீட்டில் முகவரி போடுங்கள், மிச்சக் காசைச் சாமான் கையில் கிடைத்த பிறகு தருகிறேன். இன்று காலையும் போய்க் கேட்டேன். நீலச் சரி இரண்டும் விழுந்திருக்கின்றன, பதில் இல்லை.