குளக்கட்டின் கணக்கைக் கேட்டு வாங்கினோம்: ஆர்.டி.ஐ. விண்ணப்பம் போட்ட அனுபவம்

முல்லைத்தீவுப் பக்கம் எங்களுடையது சின்னக் குளம். கட்டைத் திருத்தி, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் புதுக் கதவும் போட்டார்கள், அடுத்த மாரிக்கே கட்டில் ஒரு பக்கம் அரித்துவிட்டது. எவ்வளவு காசு வந்தது, எந்தெந்த வேலைக்கு வந்தது என்று விவசாயிகளின் கமக்கார அமைப்பில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அரச இணையத்தளம் ஒன்றில் ஒரு இரவு முழுக்கத் தேடினேன், மாவட்டத்துக்கு மொத்தத் தொகை இருந்தது, எங்கள் குளத்தின் பெயரே இல்லை.

சரி என்று இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) விண்ணப்பம் போட்டேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. மதிப்பீட்டு அறிக்கையும் கொடுப்பனவு விபரமும் வேண்டும் என்று இரண்டு வரிதான் எழுதினேன். விண்ணப்பம் கொடுத்த அரச கந்தோரில் முதலில் கேட்டது, "உங்களுக்கு இது ஏன் தம்பி?" காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது, அதைப் பணிவாகச் சொல்லி, ஏற்றுக்கொண்டதற்கான கடிதத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், சொல்லவில்லை. அப்புறம் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்குப் பதிவுத் தபாலில் முறையீடு அனுப்பினேன், மூன்று கிழமைக்குள் 7 பக்கம் கையில் வந்தது. அங்கேயும் சரிவராவிட்டால் கொழும்பில் இருக்கும் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம், எனக்கு அந்தத் தேவை வரவில்லை.

பெரிய குறை மொழி. கடிதம் தமிழில், உள்ளே மதிப்பீடு முழுக்கச் சிங்களத்தில். வவுனியாவில் வேலை செய்யும் மச்சான் இரவிரவாக இருந்து தமிழில் எழுதித் தந்தார், எல்லோருக்கும் அப்படி ஒரு மச்சான் இருக்க மாட்டார்.

அந்தத் தமிழ் வடிவத்தைக் கமக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டதும் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. அலை அரிக்காமல் கட்டில் பதிக்கும் அலைகரைக் கல் இத்தனை மீற்றர் என்று இருந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, நாற்பது வருஷமாக அந்தத் துருசு திறந்து மூடுகிற ஐயா காலையிலேயே நாடா கொண்டு போய் அளந்தார், பாதிதான் இருந்தது. குளம் நிரம்பி வான் பாய்ந்த இடம், கட்டு அரித்த இடம், கல் வைக்காத இடம், மூன்றும் ஒரே இடம். அந்த இடத்தின் படங்களோடு எழுதிய கடிதத்துக்குப் பிறகுதான் பொறியியலாளர் நேரில் வந்து பார்த்தார். ஒரு காகிதம் கந்தோர் அலுமாரியில் கிடப்பதற்கும் குளத்தை அறிந்தவர்கள் கையில் இருப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம், இதை நாங்கள் கேட்டிருக்கவே தேவையில்லை. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் என்றால், வேலை தொடங்க 3 மாதத்துக்கு முன்பே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு விபரம் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு சொல்கிறது. கல் வைக்கும்போதே கணக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே நின்று அளந்திருப்போம்.

இந்த விண்ணப்ப முறைக்கு 5க்கு 4 கொடுப்பேன், குறைத்த ஒன்று மொழிக்காக. போடப் போகிறவர்கள் விண்ணப்பத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், திகதியைக் குறித்து வையுங்கள். எழுத முடியாதவர்கள் நேரே போய் வாயால் சொன்னாலும் போதும், அதை எழுதியெடுப்பது தகவல் அலுவலரின் கடமை.