ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்கிய பழைய அலுமினியப் படகும் ட்ரெய்லரும்: மதுரையிலிருந்து ஒரு மதிப்பீடு

மதுரையில் நில அளவைத் தொழில் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றை நானும் என் மைத்துனரும் நடத்திவருகிறோம். கண்மாய்களிலும் அணைகளிலும் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்பதை ஒலியலையால் நீரின் ஆழத்தை அறியும் எக்கோ சவுண்டர் கொண்டு அளந்து வரைபடமாக்கிக் கொடுப்பதும் எங்கள் பணிகளில் ஒன்று. அந்தப் பணிக்காக, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிரிஸ்பேனுக்கு அருகே வசிக்கும் ஒருவரிடமிருந்து 3.9 மீட்டர் நீளமுள்ள பழைய அலுமினியப் படகு, படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் 20 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின், இரண்டையும் சுமக்கும் ட்ரெய்லர் ஆகிய மூன்றையும் ஒரே விலைக்கு வாங்கினோம். படகு மிக நன்று, இன்ஜின் நன்று, ட்ரெய்லர் நம் பகுதிக்குப் பொருந்தாதது, விற்றவர் நம்பத்தக்கவர் என்பதே என் மதிப்பீடு. இந்த நான்கையும் தனித்தனியே எடைபோடாமல் விளம்பரத்தில் உள்ள ஒற்றை விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இவ்வளவு தொலைவிலிருந்து ஏன் வாங்க வேண்டும் என்று கேட்பவர்கள் நம் கண்மாய்களின் உட்புறத்தைப் பார்த்திருக்க வேண்டும். நீர் வற்றிய ஆண்டுகளில் வளர்ந்து, பிறகு வெட்டப்பட்டு, அடிக்கட்டை மட்டும் மண்ணில் நிற்கும் சீமைக்கருவேலம் நீர் நிறைந்ததும் கண்ணுக்குத் தெரிவதில்லை. காற்றடைத்த ரப்பர் படகின் அடிப்பாகத்தை அதன் முள் எளிதில் கிழித்துவிடுகிறது. தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளில் கிடைக்கும் ஃபைபர் வள்ளங்கள் கடலலைக்கென்று கட்டப்பட்டவை, எடை மிகுந்தவை, முழங்கால் ஆழ நீரில் நகர மறுப்பவை. தட்டையான அடிப்பாகமும் குறைந்த எடையும் கட்டையில் உரசினாலும் கிழியாத உடலும் எங்களுக்கு வேண்டியிருந்தன. இத்தகைய சிறு அலுமினியப் படகுகள் ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கு வீடு நிற்கும் பொருள் என்பதால் அங்கே பழைய படகுச் சந்தை பெரியது, தேர்ந்தெடுக்க இடமிருந்தது.

பலருக்கு எழுதிக் கேட்டதில் இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் விலை அல்ல. இதைவிடக் குறைந்த விலை சொன்னவர்களும் உண்டு. படகின் அடையாள எண், ட்ரெய்லரின் சேசிஸ் எண், இன்ஜினின் வரிசை எண் ஆகியவற்றை, வாசிக்கக்கூடிய அளவுக்கு நெருக்கமாக எடுத்த படங்களுடன் கேட்டபோது, தயங்காமல் அன்றே அனுப்பியவர் இவர் ஒருவரே. இந்த எண்கள் வெறும் சம்பிரதாயம் அல்ல. ஆஸ்திரேலியாவில் 2012 ஜனவரி 30 முதல் இயங்கும் பி.பி.எஸ்.ஆர். என்ற அரசுப் பதிவேட்டில், ஒரு படகின் மீதோ ட்ரெய்லரின் மீதோ எவருக்கேனும் கடன் உரிமை பதிவாகியிருக்கிறதா என்பதை அந்த எண்ணைக் கொண்டு இணையத்தில் தேடிவிடலாம்; ஒரு தேடலுக்கு 2 ஆஸ்திரேலிய டாலர் கட்டணம். கடன் நிலுவையில் உள்ள பொருளை விவரம் அறியாமல் வாங்கினால், கடன் கொடுத்த நிறுவனம் அதை வாங்கியவரிடமிருந்தே மீட்டுக்கொள்ள முடியும். மதுரையில் அமர்ந்தபடியே படகு, ட்ரெய்லர் இரண்டின் எண்களையும் தேடி, எந்த வில்லங்கமும் இல்லை என்ற சான்றைப் பதிவிறக்கிக்கொண்டோம். நிலம் வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்று பார்க்கும் நமக்கு இந்த வேலையின் அருமையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்து, அவர் எடுத்து அனுப்பிய ஒரு வீடியோவைக் குறிப்பிட வேண்டும். அலுமினியப் படகின் வெல்டிங் கோடுகளிலும் ரிவெட்டுகளிலும் ஊசி முனையளவு ஓட்டை இருந்தால் வெளிப்பார்வைக்குத் தெரியாது. படகை ட்ரெய்லரிலேயே வைத்து உள்ளே ஒரு சாண் உயரத்துக்கு நீர் நிரப்பி, வெளிப்புறம் கசிகிறதா என்று பார்ப்பதுதான் எளிய சோதனை. அவர் தோட்டக் குழாயால் நீர் நிரப்பி, வெளிப்புறத்து வெல்டிங் கோடு நெடுகிலும் சுண்ணக்கட்டியால் தேய்த்து, சுண்ணம் எங்கே ஈரமாகிறது என்று கேமராவை மெல்ல நகர்த்திக் காட்டினார். பின்பலகையின் இடது கீழ் மூலையில், எக்கோ சவுண்டர் தாங்கியை முன்பு திருகியிருந்த இடத்தில், ஒரு நாணயத்தின் அளவுக்கு வெண்சுண்ணம் கருத்தது. அதை மறைக்காமல் கேமராவை அங்கேயே நிறுத்தி, விரலால் தொட்டும் காட்டினார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் திருகைச் சுற்றி அலுமினியம் அரிக்கப்படுவது இயல்பே. ஒரு வெல்டிங்கில் தீரும் குறை அது. ஆனால், தன் பொருளின் குறையைத் தானே தேடிக் காட்டுகிற விற்பனையாளரைக் கண்டபிறகு எங்களுக்கு அவர் சொன்ன மற்ற விவரங்களிலும் நம்பிக்கை பிறந்தது.

நம்பிக்கை இருந்தாலும் அந்த ஊரிலேயே உள்ள தனியார் படகு ஆய்வாளர் ஒருவரைக் கட்டணம் கொடுத்து அனுப்பினோம். விற்பவர் பரிந்துரைத்தவரை அமர்த்தாமல் நாங்களாகத் தேடிய ஒருவரை அமர்த்தினோம். அவர் இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அழுத்தத்தை அளந்தார். கியர் ஆயிலைச் சிறிது வடித்து, அது பால்போல் வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார். வெளுத்திருந்தால் சீல் வழியாக நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். இங்கே அது தெளிவாகவே இருந்தது. பின்பலகைக்குள் வைத்திருக்கும் ஒட்டுப்பலகை இற்றுப்போயிருக்கிறதா என்று சுத்தியால் தட்டி ஓசையைக் கேட்டார். இன்ஜினின் முழு எடையையும் தள்ளுவிசையையும் தாங்குவது அந்தப் பலகைதான் என்பதால் பழைய படகு வாங்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. ட்ரெய்லரின் இடது சக்கர பேரிங் ஆடுகிறது என்றும், டயரில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களின்படி டயர்கள் பழையவை என்றும் எழுதினார். அந்த இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அறிக்கையை அப்படியே விற்பவருக்கு அனுப்பினோம். பேரம் பேசும் தேவையின்றி அவராகவே விலையைக் குறைத்தார்.

இனி நம் நாட்டுச் சட்டங்கள். தற்போதைய அயல்நாட்டு வணிகக் கொள்கையின்படி, மூலதனப் பொருள்கள் அல்லாத பழைய பொருள்களை இறக்குமதி செய்ய உரிமம் தேவை. தொழிலுக்குப் பயன்படும் மூலதனப் பொருளாக இருந்தால், சில விலக்குகள் தவிர, தடையில்லை. ஆகவே ஓய்வுநாளில் மீன்பிடித்து மகிழ ஒரு பழைய படகு வாங்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அளவைப் பணிக்கான கருவி என்பதை எங்கள் பணி ஆணைகளைக் காட்டி நிறுவினோம். இருப்பினும் படகின் அமைப்பைப் பார்த்த சுங்கத்துறை அதை இன்பப் படகுகளும் விளையாட்டுப் படகுகளும் வரும் 8903 என்ற சுங்க அட்டவணைத் தலைப்பில்தான் வகைப்படுத்தியது. இந்தத் தலைப்பில் வரும் இன்பப் படகுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். படகின் விலையோடு கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் கூட்டிய தொகையின் மீது சுங்கவரி விதிக்கப்படுகிறது. அந்தச் சுங்கவரியையும் சேர்த்த தொகையின் மீது ஜி.எஸ்.டி. கணக்கிடப்படுகிறது. எங்களைப் போன்ற பயன்பாட்டுக்கு அந்த ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறவும் வழியில்லை. எல்லாம் சேர்ந்து, விற்பவருக்குக் கொடுத்த தொகையைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் செலவானது. இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிட்டுத்தான் இறங்கினோம். போடாமல் இறங்குபவருக்குச் சரக்கு வந்திறங்கும் தூத்துக்குடித் துறைமுகத்தில் பெரும் அதிர்ச்சி காத்திருக்கும்.

பணம் அனுப்புவதில் ஒரே ஒரு விதியில் உறுதியாக இருந்தோம்: படகின் பதிவுச் சான்றில் உள்ள பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தொகை எங்கள் வங்கி வழியாக இறக்குமதி முன்பணமாகவே சென்றது. அதற்கு ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதியாளர் குறியீட்டு எண் பதிவு வேண்டும், இப்போது பான் எண்ணே அந்த எண்ணாக இருப்பதால் பெறுவது எளிது. சரக்கு வந்தபின் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியை வங்கியில் கொடுத்துக் கணக்கை முடித்தாக வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இருபது அடி கன்டெய்னரின் உள்நீளம் ஏறத்தாழ 5.9 மீட்டர், கதவின் அகலம் 2.34 மீட்டர். எங்கள் ட்ரெய்லர் இழுவைத் தண்டுடன் சேர்ந்து 5.2 மீட்டர் என்பதால் எதையும் கழற்றாமல் உள்ளே சென்றது. இதைவிட மூன்றடி பெரிய படகாக இருந்திருந்தால் நாற்பது அடி கன்டெய்னருக்கான கட்டணத்தைப் பற்றி யோசிக்க நேர்ந்திருக்கும். எரிபொருளை முழுவதும் வடித்து, பேட்டரி இணைப்பைப் பிரித்து, முட்டுக்கொடுத்த மரக்கட்டைகளில் பூச்சி நீக்கம் செய்ததற்கான முத்திரை இருக்கிறதா என்று பார்த்துப் படமெடுத்து அனுப்பிய அங்கத்திய சரக்கு முகவரின் பணியில் குறையேதும் சொல்வதற்கில்லை.

சுங்க வேலைகளை முடித்துத் தர தூத்துக்குடியில் நாங்கள் அமர்த்திய கிளியரிங் ஏஜென்ட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. பழைய பொருளின் மதிப்பைச் சான்றளிக்கும் பட்டயப் பொறியாளரின் (சார்ட்டர்டு இன்ஜினியர்) கட்டணமும், சரக்கு முனையத்தில் கன்டெய்னரைத் திறந்து கிரேனால் இறக்கும் கட்டணமும் அவர் முதலில் கொடுத்த மதிப்பீட்டில் இல்லை. வேலையைத் திறமையாகவே முடித்தார் என்றாலும், இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. அங்கிருந்து லாரியில் ஏற்றி அருப்புக்கோட்டை வழியாக மதுரை வந்து சேர்ந்தது.

ட்ரெய்லரைப் பற்றி இப்போது சொல்கிறேன். துத்தநாகப் பூச்சுக் கொண்ட உறுதியான சட்டம். ஆடிய பேரிங்குக்கு மாற்று மதுரைக் கடையிலேயே கிடைத்தது. பொருளாகப் பார்த்தால் அதில் பழுதில்லை. ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் மோட்டார் வாகனமே. பதிவு இல்லாமல் பொதுச்சாலையில் இழுத்துச் செல்ல முடியாது. வெளிநாட்டில் செய்த பழைய ட்ரெய்லருக்கு இங்கே பதிவு பெறும் வழியில் நாங்கள் இறங்கவே இல்லை. அதைவிட அடிப்படையான தடை ஒன்றும் இருக்கிறது. அங்கே ஏரிக்கும் ஆற்றுக்கும் நீருக்குள் சரிந்திறங்கும் சிமெண்டுச் சாய்தளங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. ட்ரெய்லரைப் பின்னோக்கி நீருக்குள் இறக்கினால் படகு தானே மிதந்துவிடும். நம் கண்மாய்க் கரையிலோ அலைகல் பதித்த செங்குத்தான சரிவும், அதைத் தாண்டினால் களிமண்ணும்தான். சக்கரத்தைப் பார்த்த உடனே எங்கள் பட்டறைக்காரர் சொன்னார்: “அண்ணே, சிமெண்டுத் தரைக்குத்தான் இது சரி. கம்மாக்கரை மண்ணுல எறக்குனா அச்சு வரைக்கும் புதைஞ்சு போகும்.” மாடக்குளம் கண்மாயில் கரையிலிருந்து படகை ஆறு பேர் கைத்தாங்கலாகவே தூக்கி இறக்குகிறோம், எடை குறைந்த அலுமினியம் என்பதால் அது முடிகிறது. கன்டெய்னருக்குள் படகைத் தாங்கும் தொட்டிலாகவும், இப்போது எங்கள் கொட்டகைக்குள் நகர்த்தும் வண்டியாகவும் ட்ரெய்லர் பயன்படுகிறது. விற்பவர் தனித்துக் கொடுக்கச் சம்மதித்தால், படகை மட்டும் வாங்கி மரச்சட்டத்தில் கட்டி அனுப்பச் சொல்வதே சிக்கனம் என்பேன்.

நீரில் படகின் நடத்தை எதிர்பார்த்ததைவிடச் சிறப்பு. இருவர் எழுந்து நின்று கருவியைக் கையாண்டாலும் சாய்வதில்லை. அளவைக்கு வேண்டிய மெதுவான ஒரே வேகத்தில் நேர்கோட்டில் செல்கிறது. ஆண்டிபட்டிக்கு அருகே 71 அடி கொள்ளளவு உயரம் கொண்ட வைகை அணையில், பிற்பகல் காற்று எழுப்பும் சிற்றலையில் மட்டும் தட்டையான அடிப்பாகம் படபடவென்று அடித்து எக்கோ சவுண்டரின் பதிவைக் குலைக்கிறது. அதனால் அங்கே காலை வேளையிலேயே கோடுகளை ஓட்டி முடிக்கிறோம். கருவேலங்கட்டைகள் அடிப்பாகத்தில் கீறல்களைத் தந்திருக்கின்றனவே தவிர, எங்கும் ஒழுகவில்லை.

இதே வழியில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நீர் இறைக்கும் இம்பெல்லர், கியர் சீல்கள், எரிபொருள் வடிகட்டி, புரொப்பெல்லர் முதலிய உதிரிகளைப் படகோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். உள்நாட்டில் அதிகம் புழங்காத இன்ஜின் மாடலுக்கு அவற்றைத் தேடிப் பெறுவது கடினம். ஆனால் படகுக்குள் சும்மா போட்டு அனுப்பச் சொல்லாமல், ஒவ்வொன்றையும் விலையுடன் இன்வாய்ஸில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். எங்கள் விற்பவர் அப்படி எழுதியிருந்ததால்தான், சுங்க அதிகாரி இருக்கைக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து சரிபார்த்தபோது கேள்வியின்றி வேலை முடிந்தது.